தீப்புண்ணும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். வைத்தியத் துறையைச் சேர்ந்தவன் என்ற காரணத்தால் என்னிடம் நோயைப் பற்றிப் பேசும் பணி ஒப்படைக்கப்பட்டது. நான் எடுத்துக்கொண்ட பொருள் தீப்புண். மங்கலமான விழாவிலே இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நெருப்பில்லாத மங்கலம் நம்மிடத்தில் எது? தைப்பொங்கலன்று முற்றத்தில் அடுப்பு மூட்டுகின்றோம். கார்த்திகையில் வாசலெங்கும் விளக்கேற்றுகின்றோம். கோயிலிலே கற்பூரம் கொளுத்துகின்றோம்; தீமிதிக்கின்றோம். நெருப்போடு இத்துணை நெருங்கி வாழும் மக்கள், நெருப்புச் சுட்டவுடன் செய்யவேண்டியது இன்னதென்று அறியாதிருப்பது தகுமா? இதுவே இன்று உங்கள்முன் நான் வைக்கும் கேள்வி.

தீப்புண் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் அது பெருந்தீயினால் வருவதன்று; நமது குசினியிலிருந்தே வருகின்றது. கஞ்சி வடிக்கும்போது பானை சரிகின்றது. தவழும் குழந்தை மேசைவிரிப்பைப் பிடித்திழுக்க, தேநீர்க் கேத்தில் அதன் மார்பிலே கவிழ்கின்றது. நெல் அவிக்கும் கிடாரத்தின் அருகே பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றார்கள். அடுப்பண்டையில் நிற்கும் தாயின் சேலைத் தலைப்பிலே தீப் பற்றுகின்றது. தோட்டத்திலே, சூடாக ஓடிக்கொண்டிருக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றப்போய் எரிந்தவர்களும் உளர். பொங்கலன்று வெடி கொளுத்தி விரல்களை இழந்த சிறுவரும் உளர். இவற்றுள் ஒன்றேனும் விதியின் செயல் அன்று. சிறிது கவனம் இருந்திருந்தால் எல்லாமே தவிர்க்கக் கூடியவை.

இதற்கு நமது நாட்டிலேயே சிறந்த சான்று ஒன்று இருக்கின்றது. மின்சாரம் இல்லாத வீடுகளிலே, வெறும் மருந்துப் போத்தலின் மூடியில் துளையிட்டு, திரி செருகி, மண்ணெண்ணெய் ஊற்றி விளக்காக எரிப்பது வழக்கம். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டின் மின்சாரம் தடைப்பட்டபின் பல ஆண்டுகள் நமது பிள்ளைகள் போத்தல் விளக்கிலே படித்ததைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். இவ்விளக்கு உயரமானது, இலேசானது, கை பட்டால் விழும், விழுந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீப்பற்றும். இவ்வாறு எரிந்து வந்தவர்களைக் கண்டு மனம் வருந்திய கொழும்புச் சத்திரவைத்தியர் விஜய கொடகும்புர என்பவர், புண்ணை ஆற்றுவதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. மார்மைற் போத்தலைப் போலக் குட்டையாகவும், கனமாகவும், இரு பக்கம் தட்டையாகவும், திருகு மூடியுடனும் ஒரு கண்ணாடி விளக்கை அமைத்து, குறைந்த விலையில் மக்களுக்குக் கிடைக்கச் செய்தார். அது எளிதில் விழாது, விழுந்தாலும் உருளாது, எண்ணெயும் கொட்டாது. இப்பணிக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு உலகறிந்த றோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு போத்தலின் வடிவை மாற்றியதால் காக்கப்பட்ட உயிர்களை எண்ணிப் பாருங்கள். நோய் வந்தபின் செய்யும் வைத்தியத்திலும் வருமுன் செய்யும் வைத்தியம் மேலானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி, தீ சுடும்போது உடம்பிலே நிகழ்வது யாது என்பதைக் காண்போம். தோல் என்பது வெறும் போர்வை அன்று. வளர்ந்தவர் ஒருவருடைய தோலை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் பரப்பு வரும். உடம்பின் நீரை வெளியே போகவிடாமல் காப்பது அது; கிருமிகளை உள்ளே வரவிடாமல் தடுப்பதும் அது; உடற்சூட்டைச் சமநிலையில் வைத்திருப்பதும் அதுவே. வீட்டுக்கு வேலியும் கூரையும் எப்படியோ, உடம்புக்குத் தோல் அப்படி. வேலி எரிந்த வளவுக்குள் கட்டாக்காலி மாடுகள் புகுவதுபோல, தோல் எரிந்த உடம்பினுள் கிருமிகள் புகுகின்றன.

எரிகாயத்தின் ஆழம் மூவகைப்படும். மேற்றோல் மட்டும் சிவந்து எரிவது முதல்வகை. அது சில நாளில் ஆறிவிடும். உட்டோலின் ஒரு பகுதியும் வெந்து, கொப்புளம் எழும்பி, தாங்கமுடியாத நோவு தருவது இரண்டாம் வகை. தோல் முழுவதும் வெந்து, வெளிறியோ கருகியோ, பதனிட்ட தோல்போல் விறைத்துப்போவது மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையிலே நோவு இராது. உணர்ச்சி நரம்புகளும் வெந்துபோவதே காரணம். "நோகவில்லையாம், ஆகையால் பயமில்லை" என்று வீட்டிலே வைத்திருப்பவர்கள் உண்டு. நோகாத தீப்புண்ணே அதிகம் அஞ்சவேண்டிய தீப்புண் என்பதை ஒவ்வொருவரும் மனத்திற் பதிக்க வேண்டும்.

சுட்டவுடன் செய்யவேண்டியது என்ன? ஆடையிலே தீப் பற்றினால் ஓடக்கூடாது. ஓட ஓடக் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்ற இடத்திலே விழுந்து உருளவேண்டும். அருகில் நிற்பவர் சாக்கினாலோ தடித்த துணியினாலோ மூடித் தீயை அணைக்கவேண்டும். மின்சாரம் தாக்கியதாயின் முதலில் மின்னோட்டத்தை நிறுத்தியபின்னரே ஆளைத் தொடவேண்டும். அதன்பின் நாடவேண்டிய மருந்து நமது வளவிலேயே இருக்கின்றது. அதுதான் கிணற்றுத் தண்ணீர்.

குழாய் நீரோ, கிணற்றில் அள்ளிய நீரோ, சுத்தமான குளிர்ந்த தண்ணீரை எரிந்த இடத்திலே தொடர்ந்து 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஒரு வாளி ஊற்றிவிட்டு நிறுத்தினாற் போதாது. நெருப்பை அணைத்தபின்னும் தோலுக்குள் சூடு நின்று, உள்ளே உள்ள தசையை வேகவைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை வெளியே எடுப்பது தண்ணீர். புண்ணின் ஆழத்தைக் குறைப்பதும், நோவைத் தணிப்பதும் அதுவே. உடனே செய்வது சிறப்பு. ஆயினும் சுட்டு 3 மணித்தியாலம் வரையிலும் தண்ணீரால் பயன் உண்டு. "தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும்" என்று தடுப்பாரும் உளர். கொப்புளம் வருவது சூட்டினால், தண்ணீரினால் அன்று. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். சிறு குழந்தைக்கும், உடம்பிற் பெரும்பகுதி எரிந்தவருக்கும் தண்ணீர் ஊற்றும்போது எரியாத பகுதியைத் துணியால் போர்த்தி, உடம்பு விறைக்காமற் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வீக்கம் வருமுன் மோதிரம், காப்பு, அரைஞாண் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். உருகி ஒட்டிய நைலோன் துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பின்னர், வெளுத்த சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். 2018ஆம் ஆண்டு முதல் இச்சேவை நமது வடமாகாணத்திலும் நடைபெறுகின்றது.

செய்யத்தகாதவற்றையும் சொல்லிவிடுகின்றேன். பற்பசை பூசாதீர்கள். மை ஊற்றாதீர்கள். தேங்காயெண்ணெய், நெய், முட்டை வெள்ளைக்கரு, உப்பு, மஞ்சள், சாம்பல் ஒன்றும் வேண்டாம். ஐஸ்கட்டியும் வேண்டாம்; அது தோலை மேலும் கெடுக்கும். எண்ணெய்ப் பூச்சுச் சூட்டை உள்ளே அடைத்துவிடும். முட்டையும் சாம்பலும் கிருமியைக் கொண்டுவரும். மையும் மஞ்சளும் புண்ணின் நிறத்தை மறைப்பதால் அதன் ஆழத்தை வைத்தியர் மதிப்பிட முடியாமற் போகும். அன்பினாலேதான் நமது தாய்மார் இவற்றைப் பூசுகின்றனர். அவ்வன்பைத் தண்ணீர் வாளியின் பக்கம் திருப்பிவிடுவதே நாம் செய்யவேண்டியது.

இனி, வைத்தியசாலையில் நடப்பதைச் சிறிது கூறுவேன். அங்கே முதலிற் கேட்கும் கேள்விகள் இரண்டு. உடம்பில் எவ்வளவு பகுதி எரிந்தது? எப்பொழுது எரிந்தது? முதற் கேள்விக்கு விடை காண எடின்பரோ நகரச் சத்திரவைத்தியர் வாலஸ் என்பவர் 1951ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கை வெளியிட்டார். தலையும் கழுத்தும் 9 வீதம், ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, எஞ்சியது 1. குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. ஆகையால் அவர்களுக்குக் கணக்கு வேறுபடும். வீட்டிலே மதிப்பிட இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கைப் பரப்பு ஏறக்குறைய 1 வீதம். அவருடைய உள்ளங்கை அளவிலே எத்தனை கை எரிந்திருக்கின்றது என்று எண்ணினாற் போதும்.

எப்பொழுது எரிந்தது என்ற கேள்வி ஏன் என்பதைக் கேளுங்கள். பெருங்காயம் பட்டவுடன் இரத்தக் குழாய்கள் வடிதுணி போலாகி, இரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிகின்றது. வளர்ந்தவருக்கு 15 வீதத்துக்கு மேலும், குழந்தைக்கு 10 வீதத்துக்கு மேலும் எரிந்தால் நரம்பு வழியாக நீர் ஏற்றவேண்டும். அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் பக்ஸ்ரர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இன்றும் வழக்கில் இருக்கின்றது. உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கும், எரிந்த வீதம் ஒன்றுக்குமாக 4 மில்லிலீற்றர் உப்புக் கரைசல். 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 30 வீதம் எரிந்ததென்று வைத்துக்கொள்வோம். நான்கை ஐம்பதாலும் முப்பதாலும் பெருக்கினால் 6,000 மில்லிலீற்றர்; அதாவது 6 லீற்றர். இதிலே பாதியாகிய 3 லீற்றரை முதல் 8 மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். இக்காலத்தில் இதிலும் சிறிது குறைவாகத் தொடங்கி, வெளியேறும் சிறுநீரை அளந்து கூட்டிக் குறைப்போரும் உளர். அந்த 8 மணித்தியாலத்தை வைத்தியசாலை வாசலில் இருந்து எண்ணுவதில்லை. தீச் சுட்ட நேரத்திலிருந்தே எண்ணுகின்றார்கள். வீட்டிலே நாட்டுமருந்து பூசி 5 மணித்தியாலம் பார்த்திருந்தால், 3 லீற்றருக்கு எஞ்சுவது 3 மணித்தியாலமே. சிறுநீரகம் பழுதாகி இறந்தவர்களுள் எத்தனை பேரைத் தீ கொன்றது, எத்தனை பேரைத் தாமதம் கொன்றது என்று சிந்தியுங்கள். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி வரவேண்டிய நோயாளிக்குக் கடலே ஒரு தாமதம். தரையிலே வாழும் நாம் அதற்குமேல் நமது தாமதத்தையும் ஏன் சேர்க்கவேண்டும்?

முகம் எரிந்தவர், அடைத்த அறையில் புகையைச் சுவாசித்தவர், குரல் கம்மியவர் ஆகியோரை வெளிக்காயம் சிறிதென்று எண்ணி வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும். கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட புண்ணும், மின்சாரத்தினாலும் அமிலத்தினாலும் வந்த புண்ணும் அவ்வாறே உடனே வைத்தியரிடம் காட்டவேண்டியவை.

இவ்வைத்திய அறிவு மேனாட்டார் மட்டும் கண்டது என்று எண்ணவேண்டாம். சுசுருத சங்கிதையிலே தீப்புண் நான்கு வகையாகப் பிரித்துக் கூறப்பட்டிருக்கின்றது. வெட்டுண்ட மூக்கைத் தோல் கொண்டு புதிதாக அமைக்கும் முறையும் அந்நூலில் உண்டு. பாரத நாட்டில் வழிவழியாக நிலவிய அம்முறை, நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் விதமாகப் பூனா நாட்டிலே கையாளப்பட்ட செய்தி 1794ஆம் ஆண்டில் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைக் கற்ற கார்ப்பியு என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் 1814ஆம் ஆண்டில் அம்முறையிலே சத்திரசிகிச்சை செய்தார். தோலை இடம்மாற்றி உறுப்பைத் திருத்தும் இக்காலக் கலை இவ்வாறு கீழ்நாட்டிலிருந்து மேல்நாடு சென்றது.

மேல்நாட்டு அறிவும் நமது மொழியிலே நம்மிடம் வந்தது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, நமது இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். தமிழருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கவேண்டும் என்பது அவர் துணிபு. சத்திரவைத்தியம் பற்றிய பெருநூல் ஒன்று அவர் முயற்சியால் "இரண வைத்தியம்" என்ற பெயரோடு 1867ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. 150 ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடாநாட்டு மாணாக்கர் புண்ணாற்றும் கலையைத் தாய்மொழியிலே படித்தார்கள். அந்த மண்ணிலே இன்றும் தீப்புண்ணுக்குப் பற்பசை பூசுவது நமக்குப் பெருமையாகுமா?

ஆழமான தீப்புண் தானாக ஆறாது. பழங்காலத்தில் வெந்த தோல் தானே அழுகி விழும்வரை வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் கிருமி உயிரைக் குடித்துவிடும். யூகோசிலாவிய நாட்டில் மரிபோர் நகரத்திலே பணிபுரிந்த சோரா யான்செகோவிச் என்னும் பெண் வைத்தியர், சில நாளுக்குள்ளேயே வெந்த தோலைச் சீவி அகற்றி உடனே புதுத்தோல் ஒட்டும் முறையை 1970ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக் காட்டினார். அதன்பின்னரே பெருங்காயம் பட்டவர் பலர் பிழைக்கத் தொடங்கினர். நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணிலே பரப்புகின்றார்கள். எடுத்த இடம் ஏறக்குறைய இரு வாரத்தில் ஆறிவிடும். பிறர் தோலை ஒட்டினால் அது சிலகாலம் காவலாக நிற்குமேயன்றி நிலைக்காது. ஏன் நிலைக்கவில்லை என்று தீக்காயக்காரரிடத்தில் ஆராயத் தொடங்கிய மெடவார் என்னும் அறிஞர், பிற்காலத்து உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கே வழிகாட்டி, 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

நமது வாழைத்தோட்டக்காரர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. புண்ணில் ஒட்டிய துணியை மாற்றும்போது நோயாளி படும் வேதனை சொல்லுந்தரமன்று. மும்பாயிலே சயன் வைத்தியசாலையைச் சேர்ந்த மதுரி கோரே என்னும் சத்திரவைத்தியர், வாழையிலையைத் துணியில் ஒட்டி, நீராவியாற் கிருமி நீக்கி, காயத்துக்குக் கட்டும் முறையை வகுத்தார். இலை புண்ணில் ஒட்டாது, நோவின்றி எடுக்கலாம், விலையும் சொற்பம். தீப்பட்டவரை வாழையிலையிலே கிடத்திய நமது பரம்பரை வைத்தியரின் அனுபவத்தோடு இக்கால ஆய்வு இவ்வாறு கைகோக்கின்றது. ஆயினும் கிருமி நீக்கிய இலை வேறு. தோட்டத்தில் வெட்டிய இலை வேறு என்பதை மறந்துவிடலாகாது.

நோயாளி வீடு திரும்பியபின் குடும்பத்தார் செய்வன இரண்டு. முதலாவது உணவு. பெருந்தீப்புண் பட்ட உடம்பு புதுத்தசை கட்டுவதற்குச் சாதாரண காலத்திலும் மிகுந்த உணவை வேண்டி நிற்கின்றது. நாமோ "காயத்துக்கு ஆகாது" என்று பத்தியம் வைக்கின்றோம். முட்டை, மீன் உண்பவர் தாராளமாக உண்ணலாம். சைவ உணவினருக்குப் பால், தயிர், பருப்பு, பயறு, உழுந்து, கடலை இருக்கின்றன. பட்டினி கிடக்கும் புண் ஆறாது. இரண்டாவது பயிற்சி. ஆறும் தோல் சுருங்கும். கழுத்து எரிந்தவர் தலையணை வைத்துப் படுத்தால் நாடி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கை மடிந்தபடியே நின்றுவிடும், விரல்கள் கூம்பிவிடும். நொந்தாலும், வைத்தியர் காட்டியபடி நாள்தோறும் மூட்டுக்களை நீட்டி மடக்க வேண்டும். "பாவம், நோகுது, விடுங்கோ" என்று சொல்லும் இரக்கம், அந்தக் கையை வாழ்நாள் முழுவதும் முடக்கும் இரக்கம்.

இனி நான் கூறப்போவது மருந்துப் பெட்டியில் இல்லாத வைத்தியம். தீயால் வந்த புண்ணையும் நாவால் வந்த வடுவையும் ஒப்பிட்டுத் திருவள்ளுவர் கூறியதை இச்சபையிலே எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அது சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். முதலாவதை ஆற்ற வைத்தியர் இருக்கின்றார். வடுவோடு ஊருக்குத் திரும்பும் மனிதருக்கு இரண்டாவதை நாமல்லவா கொடுக்கின்றோம்? முகத்தைக் கண்டதும் "ஐயோ" என்கின்றோம். பிள்ளைகளை அப்பால் இழுக்கின்றோம். நல்ல காரியத்துக்கு முன்னே வரவிடாமல் ஒதுக்குகின்றோம். கலியாணப் பேச்சிலே அதை ஒரு குறையாக வைக்கின்றோம். போர் தந்த வடுக்களைச் சுமப்போர் நம்மிடையே பலர். அந்த வடு அவர்கள் செய்த பிழையா? தீப்புண் தொற்றுநோய் அன்று. பாவத்தின் சின்னமும் அன்று. எல்லா உடம்பினுள்ளும் இறைவன் உறைகின்றான் என்று நாம் நம்புவது உண்மையானால், வடுப்பட்ட உடம்பு அதற்கு விலக்காகுமா?

தீக்காயம் அனைத்தும் விபத்தால் வருவன அல்ல என்பதையும் பெரியோர் அறிவார்கள். மனமுடைந்து தம்மைத் தாமே வருத்திக்கொள்வாரும் உளர். வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, உண்ணாது, உறங்காது இருந்தால், அவரை ஏசாமல் அருகிருந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்திலே தேசிய மனநல உதவிச் சேவை இருக்கின்றது. அவ்வாறு காயப்பட்டு வந்தவரை ஏன் செய்தாய் என்று விசாரணை செய்வதும் ஊரெல்லாம் பேசுவதும் நமது வேலை அன்று.

இளைஞர்களே, இச்சங்கம் இவ்வாண்டிலே செய்யத்தக்க பணிகள் சிலவற்றைக் கேட்டு அமர்கின்றேன். திருவிழாக் காலத்தில் கற்பூரமும் தீமிதிப்பும் நடக்கும் இடத்திலே நீர் நிறைந்த வாளிகளோடு தொண்டர் நால்வரை நிறுத்துங்கள். வீடுவீடாகச் சென்று "20 நிமிடம் தண்ணீர், சுத்தமான துணி, உடனே வைத்தியசாலை" என்னும் மூன்றையும் தாய்மாருக்குச் சொல்லுங்கள். வைத்தியசாலையிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், அவருடைய கையைப் பிடித்து நீட்டி மடக்க உதவுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே வடுப்பட்ட ஒருவரை இந்த மேடைக்கு அழைத்து, முன்வரிசையிலே இருத்துங்கள். இரக்கத்துக்காக அன்று, அவருடைய திறமைக்காக. தண்ணீரால் தணிப்பது ஒருவர் கடமை. மருந்தால் ஆற்றுவது வைத்தியர் கடமை. மனிதராக ஏற்பது ஊரார் அனைவரின் கடமை.